சனிக்கிழமையே கிளம்பிய குடை

எங்கள் அபிராமபுரம் தெரு முனைக்கு பஸ் விட வேண்டும் என்று அப்பா எழுதாத மனு இல்லை. ரிடையர் ஆன மனிதருக்கு வேறு வேலையும் இல்லை. ஆனால் பஸ் தேவைப்பட்டது எனக்குத்தான். பாரிமுனையில் டைப்பிஸ்ட் வேலை, இன்னும் நிரந்தரமாகவில்லை. லஸ் வரை நடந்துபோய் நின்றால், பஸ் படிக்கட்டே தெரியாத கூட்டத்தோடு வந்து, ஸ்டாப்பைத் தாண்டி நிற்கும். ஓடிப்போவதற்குள் கிளம்பிவிடும். இனி ஒரு நாள் லேட்டானாலும் வேலை கிடையாது என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு திங்கட்கிழமை பஸ் வந்தேவிட்டது. ஏழே காலுக்கு வரவேண்டியது ஏழரை தாண்டி வந்தது. தெருவே மாலையோடு நின்றது. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். நான் ஏறி முன் சீட்டில் உட்கார்ந்தேன். அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ராகு காலம் பிறந்திருந்தது. உடைக்க வைத்திருந்த தேங்காயோடு பஸ்ஸுக்கு முன்னால் நின்றுகொண்டார்.

"இன்னா நைனா, டைம் ஆயிக்கினே கீதே" என்றார் கண்டக்டர். ஒன்பதுக்கு மேல் எடுக்கலாம் என்று அப்பா தன்மையாகச் சொன்னார். தெருவும் ஆமோதித்தது. அவர்களில் யாருக்கும் ஆபீஸ் இல்லை.

எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. பஸ் டெப்போவிலிருந்து நல்ல நேரத்தில்தானே கிளம்பியது என்று வாதாடினேன்.

"அது பஸ்ஸுக்குடீ. நீ இப்பன்னா கெளம்பறே?"

எங்கள் வீட்டில் பரஸ்தானம் என்று ஒரு வழக்கம் உண்டு. புறப்படும் நாளில் நேரம் சரியில்லை என்றால், முன்னதாகவே ஒரு நல்ல நேரம் பார்த்து, பையையோ துணியையோ வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவோம். பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாக அர்த்தம். முந்தின சனிக்கிழமை குடையை ஆபீஸில் மறந்துவிட்டு வந்ததற்கு அப்பாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தேன்.

"அப்பா, என் குடை சனிக்கிழமையே ஆபீஸுக்குப் போயாச்சு."

அப்பா யோசித்தார். எத்தனை மணிக்கு ஆத்தை விட்டுப் போனது என்று விசாரித்தார். சொன்னேன். தேங்காயை உடைத்துவிட்டு வழிவிட்டார்.

நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். சில மாதங்களில் வேலையும் நிரந்தரமாயிற்று. பஸ் மட்டும் திங்கட்கிழமைகளில் ராகு காலத்தில்தான் வந்துகொண்டிருந்தது. அதனால் சனிக்கிழமைதோறும் குடையை ஆபீஸில் வைத்துவிட்டு வருவது வீட்டில் சட்டமானது. ஐப்பசி மழையில், சனிக்கிழமை மத்தியானங்களில், தலை முழுகியவளைப் போல பஸ்ஸிலிருந்து இறங்குவேன். ஸ்டாப்பில் அப்பா தன் குடையோடு நிற்பார். பஸ் எவ்வளவு லேட்டானாலும் நிற்பார்.