பங்குனிச் செய்தியும் அம்மை கண்ட விடுமுறையும்

மலைநாட்டுப் பதுளையில் ஆசிரியையாக எனக்கு முதல் நியமனம் கிடைத்தபோது ஐம்பதுகள் பாதி கடந்திருந்தன. யாழ்ப்பாணத்திலிருந்து ரயிலேறி வந்து, ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரைக்கும் தமிழும் சுகாதாரமும் தையலும் படிப்பிக்கத் தொடங்கினேன். பிள்ளைகளில் பாதிப் பேர் நகரத்துக் கிளாக்கர்மாரின், கடைக்காரர்களின் பிள்ளைகள். மீதிப் பேர் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகள். தோட்டத்துப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடும். அதற்கு மேலும் படிக்கட்டும் என்று பெற்றோர் துணிந்த பிள்ளைகளே எங்களிடம் வந்தார்கள். பக்கத்து ஸ்பிரிங்வெளித் தோட்டத்துப் பிள்ளைகள் தினமும் பஸ்ஸில் வந்து போனார்கள். தூரத்துத் தோட்டங்களான நமுனுகுல, மடுல்சீமைப் பிள்ளைகள் நகரத்தில் உறவினர் வீடுகளில் தங்கிக்கொண்டு, லீவுக்குத்தான் வீட்டுக்குப் போவார்கள்.

பங்குனி மாதத்தில் வகுப்புகளில் அம்மை பரவத் தொடங்கியது. யாழ்ப்பாணத்தில் நாங்கள் கொப்புளிப்பான் என்று சொல்வதுதான். உயிருக்கு ஆபத்தான பெரியம்மை அல்ல. ஆனாலும் பிள்ளைகள் உட்காரும் வாங்குகள் ஒவ்வொன்றாக வெறுமையாகின. சித்திரை வருடப் பிறப்புக்குப் பள்ளிக்கூடம் மூடுமுன் எல்லாக் குடும்பங்களுக்கும் தகவல் போகவேண்டும் என்றார் தலைமை ஆசிரியர். நான் உட்கார்ந்து அழகாக ஒரு கடிதம் எழுதினேன். அவர் அதை வாசித்துவிட்டு என் பக்கமாகத் தள்ளினார்.

"நல்லாத்தான் எழுதியிருக்கிறீர். ஆனால் தோட்டத்தில இதை எத்தினை தாய்தகப்பன் வாசிப்பினம்? நேரில போய்ச் சொல்லும்."

அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்பிரிங்வெளி பஸ்ஸில் ஏறினேன். வளைவுக்கு வளைவு தேயிலையும், இடையிடையே சிவப்பாகப் பூத்துக் கிடந்த முள்முருக்கு மரங்களுமாக இருந்தது. பிள்ளைக்காம்பராவுக்கு முன்னால், அதாவது தாய்மார் வேலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் கட்டடத்துக்கு முன்னால், ஆட்கள் கூடியிருந்தார்கள். வேறு தோட்டங்களிலிருந்தும் சிலர் வந்திருந்தார்கள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன். பள்ளிக்கூடம் என்று மூடும், என்று திறக்கும் என்று சொன்னேன். வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுக்கப்போவதைச் சொன்னேன். பிறகு கொப்புளிப்பான் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். எல்லோரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு நின்றார்கள். முகங்களில் ஓர் அசைவும் இல்லை.

முன்வரிசையில் நின்ற ஒரு பெண் கையைத் தூக்கினாள். ஏழாம் வகுப்பில் என்னிடம் படித்த ஒரு பெண்பிள்ளையின் தாய். முப்பத்தைந்து வயதிருக்கும். கன்னத்தில் பழைய அம்மைத் தழும்புகள் நாலைந்து இருந்தன.

"டீச்சர் கோவிச்சுக்கக் கூடாது. நீங்க சொல்றது பாதி வெளங்குது, பாதி வெளங்கல. கொப்புளிப்பான்னா என்னாங்க?"

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "அம்மை" என்றேன்.

"அம்மா வந்திருக்கிறதையா சொல்றீங்க? நீங்க ஒவ்வொண்ணாச் சொல்லுங்க. நான் இவுங்களுக்குச் சொல்லிர்றேன்."

அதற்குப் பிறகு நான் மெதுவாகச் சொல்லச் சொல்ல, அவள் திரும்பி நின்று உரத்த குரலில் சொன்னாள்.

"டீச்சர் என்னா சொல்றாங்கன்னா, அம்மா வந்த புள்ளைய பொருக்கு உதிர்ற வரைக்கும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பக் கூடாது. தண்ணி கொதிக்க வச்சுக் குடுக்கணும். ஒருதரம் வந்தவங்களுக்குத் திரும்ப வராது, அதனால அவங்க பக்கத்துல இருந்து பாத்துக்கிட்டா நல்லது. வெளங்குதா? மூச்சு வாங்குச்சுன்னா, நெஞ்சு வலிச்சுச்சுன்னா, பாத்துக்கிட்டே இருக்கக் கூடாது. பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடணும்."

பின்னால் நின்ற வயதான ஒருவர் தலையை ஆட்டினார். "அம்மா எறங்கியிருக்கப்ப மருந்து, ஊசின்னு போனா ஆத்தாளுக்குக் கோவம் வரும்."

அவள் என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "அத அப்புறம் பேசிக்கலாம் மாமா. மொதல்ல டீச்சர் சொல்லி முடிக்கட்டும்," என்றாள்.

கூட்டம் முடிந்ததும் லயம் என்ற தொழிலாளர் வரிசைவீட்டில் ஒரு காம்பராவில் எனக்குத் தேநீர் தந்தார்கள். திரும்பும்போது பஸ்ஸில் மனம் லேசாக இருந்தது. சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டோம், இனி ஊருக்குப் போகலாம் என்று நினைத்துக்கொண்டேன். ஊரில் என் அம்மா எனக்காகப் பலகாரம் சுடத் தொடங்கியிருப்பா.

பள்ளிக்கூடம் மூடிய அன்று பின்னேரமே உடம்பு காய்ந்தது. மறுநாள் காலையில் கழுத்தில் முதல் கொப்புளத்தைக் கண்ணாடியில் கண்டேன். சின்ன வயதில் எனக்கு அது வந்ததில்லை. நான் தங்கியிருந்தது யாழ்ப்பாணத்துக் கிளாக்கர் ஒருவருடைய வீட்டில். அவருடைய மனைவி கதவுக்கு வெளியே நின்றபடி பேசினா.

"குறை நினையாதேங்கோ டீச்சர். வீட்டில கைக்குழந்தை இருக்குது. எனக்கு என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை."

அவ அழுதுவிட்டா. குறை நினைக்க அதில் ஒன்றும் இல்லை. குழந்தைக்கு மூன்று மாதம்கூட ஆகவில்லை. இந்த உடம்போடு ரயிலேறவும் முடியாது. தலைமை ஆசிரியர் வந்து பார்த்துவிட்டு, பள்ளிக்கூடத்தின் பின்பக்கத்தில் தையல் வகுப்பு நடக்கும் சிறிய அறையைத் திறந்து கொடுத்தார். கட்டில் ஒன்று போட்டார்கள். கிளாக்கர் வீட்டிலிருந்து சாப்பாடு வந்து வாசற்படியில் வைக்கப்பட்டது. தலைமை ஆசிரியர் ஸ்பிரிங்வெளி பஸ்ஸின் கொண்டக்டரிடம், ஊரிலிருந்து திரும்பி லீவின் கடைசி வாரத்தில் வைப்பதாக நான் சொல்லியிருந்த தையல் வகுப்பு இல்லை, டீச்சருக்கு அம்மை என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடும்படி கேட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸிலேயே அவள் வந்து இறங்கினாள். தலையில் ஒரு மூட்டை, கையில் வேப்பிலைக் கொத்து.

"கோயில்ல இருக்கிறது ஒரே ஒரு வேப்பமரம். பூசாரிய எழுப்பிக் கேட்டு ஒடிச்சாந்தேன்," என்று சொல்லிக்கொண்டே வாசல் நிலையில் இலையைச் செருகினாள்.

"நீங்கள் ஏன் வந்தனீங்கள்? பிள்ளையளை விட்டிட்டு?"

"எனக்குச் சின்ன வயசுலயே வந்து போயிருச்சுங்க. வந்தவங்கதான் பக்கத்துல இருக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க. அவுங்க அப்பா புள்ளைகளப் பாத்துக்குவாரு."

"வேலை?"

"நாள் சம்பளத்துப் பேரு போனா போகட்டும். நாலஞ்சு நாள்ல வருசம் பொறக்குது, அப்ப எப்படியும் லீவுதானே."

மூட்டையைப் பிரித்தாள். இளநீர், கூழுக்குக் குரக்கன் மா, மஞ்சள், ஒரு பழைய வெள்ளைச் சேலை. சேலையைக் கட்டிலில் மெதுவாக விரித்தாள். கூழ் காய்ச்சி ஆற்றிக் கொண்டுவந்தவள், கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் தயங்கி நின்றாள்.

"எங்க கையால சாப்பிடுவீங்களா டீச்சர்?"

எங்களைப் போன்ற குடும்பங்களில் பல, தோட்டத்து மக்கள் சமைத்ததைத் தொடாதவை என்பது அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். "பசிக்குது அக்கா, தாங்கோ," என்றேன். நான் அவளை அக்கா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவள் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. கிண்ணத்தை என் வாயருகே பிடித்தாள்.

அடுத்த நாட்கள் அரிப்பும் காய்ச்சலுமாகப் போயின. நான் சொறியாமல் இருக்க வேப்பிலையால் தடவிக்கொண்டே இருப்பாள். பஸ் வந்துபோகும் ஒவ்வொரு தடவையும் பள்ளிக்கூட வாசல் கேற்றடிக்குப் போய் ஏதாவது கொண்டுவருவாள். நமுனுகுலவிலிருந்து ஒரு குடும்பம் தோடம்பழம் கொடுத்துவிட்டிருந்தது. மடுல்சீமையிலிருந்து ஒரு தகப்பன், பஸ் வரும் இடத்துக்கு நெடுந்தூரம் நடந்துவந்து, வாழைப்பழச் சீப்பு ஒன்றை ஏற்றிவிட்டிருந்தார். பழங்களோடு செய்திகளும் வந்தன. அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து அவற்றை ஒப்பிப்பாள்.

"ஆறாம் வகுப்புப் பையனுக்குப் பொருக்கு உதிர ஆரம்பிச்சிருச்சாம். நமுனுகுலப் புள்ளைக்குத் தண்ணி ஊத்தியாச்சாம். எட்டாம் வகுப்பு ரெட்டைப் புள்ளைகள்ல ஒண்ணுக்குத்தான் வந்திருக்காம், மத்தது வரலையேன்னு அழுவுதாம்."

குடும்பங்களுக்குத் தகவல் கொண்டுபோனவள் நான். இப்போது குடும்பங்களின் தகவல்கள் எல்லாம் என் கட்டிலைத் தேடி வந்தன. கண்ணை மூடிக்கொண்டு கேட்பேன். ஊரில் இல்லாத குறை அந்த நேரத்தில் தெரியாது.

வருடப் பிறப்பன்று காலையில் அவள் ஒரு சுளகில் பூவும் பழமும் வைத்துக் காட்டினாள். நான் எழுந்து உட்கார முயன்றபோது இருமல் வந்தது. வந்த இருமல் நிற்கவில்லை. மத்தியானமாகும்போது நெஞ்சில் கல்லை வைத்ததுபோல் இருந்தது. மூச்சை இழுத்தால் பாதியில் நின்றது. அவள் என் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு தடவுவதை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்குள் என்ன நடந்தது என்பதை நான் பிறகுதான் யோசித்துப் பார்த்தேன். அம்மன் இறங்கியிருக்கும் உடம்பை மருந்துக்குக் கொண்டுபோவது அவள் வளர்ந்த இடத்தில் செய்யாத காரியம். தலைக்குத் தண்ணீர் ஊற்றாமல் வாசலைத் தாண்டவே விடமாட்டார்கள். அப்படிக் கொண்டுபோய் எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் பழி முழுவதும் அவள் தலையில்தான் விழும். இது எல்லாம் தெரிந்தவள், எழுந்து வாசலுக்குப் போய், நிலையில் இருந்த வேப்பிலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"தாயே, கோவிச்சுக்காத. இந்தப் புள்ள ஊரு விட்டு ஊரு வந்த புள்ள. நான் தூக்கிட்டுப் போறேன். என்னா தண்டனைன்னாலும் எனக்குக் குடு."

சொல்லிவிட்டுத் தெருவுக்கு ஓடினாள். வருடப் பிறப்பு என்பதால் தெருவில் வாகனமே இல்லை. நெடுநேரம் கழித்து ஒரு லொறி வந்திருக்கிறது. புதுவருடத்துக்கு உறவினர் வீட்டுக்குப் புறப்பட்ட சிங்களச் சாரதி ஒருவர். நடுத்தெருவில் நின்று மறித்து, தெரிந்த சிங்களத்தில் அவரிடம் கேட்டிருக்கிறாள். அம்மை என்பதையும் மறைக்காமல் சொல்லியிருக்கிறாள். அவர் பின்கதவைத் திறந்துவிட்டு, தன் வீட்டுக்குக் கொண்டுபோன புதுப் பாயை எடுத்து விரித்தார். அதில் அவள் மடியில் தலைவைத்துப் படுத்தபடி நான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

நெஞ்சில் சளி கட்டி நுரையீரலைப் பிடித்துவிட்டது என்றார் டாக்டர். பெரியவர்களுக்கு அம்மை வந்தால் இப்படி ஆவதுண்டாம். நாளைக்குப் பார்க்கலாம் என்று இருந்திருந்தால் கஷ்டம் என்று அவளிடம் சொன்னார். ஊசி போட்டார்கள். தனி அறையில் வைத்தார்கள். அவளை உள்ளே விடவில்லை. ஜன்னலுக்கு வெளியே இருந்த விறாந்தையில் அவள் உட்கார்ந்திருந்தாள். கண் விழிக்கும்போதெல்லாம் அவளுடைய கொண்டை தெரியும்.

காய்ச்சல் இறங்கி, மூச்சு சீராகி, நான் வெளியே வந்தபோது அவளே என்னைத் தையல் அறைக்குக் கூட்டிப்போனாள். மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரைத் தலையில் ஊற்றினாள். "இப்ப ஆத்தாளுக்கும் மனசு ஆறிருச்சு," என்றாள். ஊற்றிய ஒவ்வொரு செம்புக்கும் "தாயே, தாயே" என்று முணுமுணுத்தாள். அந்த நாட்கள் முழுவதும் அவள் எவ்வளவு பயந்துபோய் இருந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நன்றி சொல்ல வாயெடுத்தேன். "பேசாதீங்க, தண்ணி வாய்க்குள்ள போயிரும்," என்றாள்.

அடுத்த நீண்ட விடுமுறைக்கு நான் ஊருக்குப் போகவில்லை. நடந்ததைக் கடிதத்தில் அறிந்திருந்த அம்மாவே ரயிலேறி வந்தா. அவ அதற்கு முன் அனுராதபுரத்தைத் தாண்டியதில்லை. வந்த மறுநாளே, "என்னை அந்த மனுசியிட்டக் கூட்டிக்கொண்டு போ," என்றா. பனங்கட்டியும் ஒரு புதுச் சேலையும் எடுத்துக்கொண்டு இருவரும் ஸ்பிரிங்வெளிக்குப் போனோம்.

வழி நெடுக அம்மா என்னென்னவோ சொல்ல யோசித்து வைத்திருந்தா. காம்பரா வாசலில் அவளைக் கண்டதும் அதையெல்லாம் விட்டுவிட்டு, இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நின்றா. அவளும் கூச்சத்தோடு, "உள்ள வாங்கம்மா, குனிஞ்சு வாங்க, நெல தாழ்வு," என்றாள். சேலையை முதலில் வாங்க மறுத்தாள். அம்மா அதை அவள் தோளில் போட்டுவிட்டா. அப்புறம் என்னையும் என் மாணவியான அவள் மகளையும் பார்த்து, "நீங்கள் ரெண்டு பேரும் வெளியில போய்க் கொஞ்ச நேரம் இருங்கோ," என்றா.

உள்ளே அவர்கள் நெடுநேரம் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. இடையில் ஒருதடவை சிரிப்புச் சத்தம் கேட்டது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கமாகப் பார்த்துக்கொண்டே வந்தா. பதுளை நெருங்கியபோது பேசினா.

"அவளுக்குக் கொழுந்து பறிக்கேக்க தலை சுத்துதாம். கண் இருட்டிக்கொண்டு வருதாம். கனநாளா இருக்குதாம், ஒருத்தருக்கும் சொல்லேல்லை. நீ டாக்குத்தரிட்டக் கூட்டிக்கொண்டு போ."

அடுத்த சனிக்கிழமை கூட்டிக்கொண்டு போனேன். என்னைப் பார்த்த அதே டாக்டர், அவளுடைய கீழிமையை விலக்கிப் பார்த்துவிட்டு, இரத்தம் மிகவும் குறைவாக இருக்கிறது என்றார். அவர் எழுதிக் கொடுத்த மருந்து தீர்வதற்குள் அடுத்த போத்தல் வாங்கி, தவறாமல் அவளுடைய மகளிடம் கொடுத்துவிட்டேன். மழைக்காலம் முடியும்போது தலைச்சுற்று நின்றுவிட்டதாகச் சொல்லியனுப்பினாள். மருந்து இரும்பை நக்குவதுபோல் இருக்கிறது, இனிமேல் அனுப்பவேண்டாம் என்றும் சொல்லியிருந்தாள். நான் இன்னும் ஒரு போத்தல் அனுப்பினேன்.