மேனேஜர்னு ஒருத்தர் இருக்காரா இந்த மண்டபத்துல?

கல்யாண மண்டபத்து மேனேஜர் வேலை ஒரு வினோதமான வேலைங்க. சாப்பாடு நல்லா இருந்தா சமையல்காரருக்குப் பேரு, மேடை நல்லா இருந்தா டெக்கரேஷன்காரருக்குப் பேரு, கரண்டு போனா மட்டும் நமக்குப் பேரு. பரவையில, காய்கறி மார்க்கெட்டுக்குக் கொஞ்சம் தள்ளி, திண்டுக்கல் ரோட்டு மேலயே இருக்கிற ஒரு மஹால்ல பல வருஷமா அந்தப் பேரை வாங்கிக்கிட்டு இருக்கிறவன் நான். பேரு சாமுவேல். தொழில்ல இருக்கிறவங்களுக்குச் சாமு அண்ணே.

மண்டபம் தேடி அலைஞ்சு செருப்பு தேஞ்ச மக்களே, உங்களையெல்லாம் உள்ளுக்குள்ள சிரிச்சுக்கிட்டே சுத்திக் காட்டின ஆளு நான்தான். அதுக்கெல்லாம் சேத்து வச்சுக் கடவுள் எனக்கும் ஒரு நாள் குறிச்சாரு. என் ஒரே மக ஷீபாவுக்குக் கல்யாணம் நிச்சயமாச்சு. ஈஸ்டர் முடிஞ்சதும் சர்ச்சுல கல்யாணம், அன்னைக்கே சாயங்காலம் ரிசப்ஷன். மண்டபத்துக்காரன் வீட்டுல மண்டபத்துக்கு என்ன பஞ்சம்னுதானே நினைப்பீங்க? நானும் அப்படித்தான் நினைச்சேன். ஷீபா ஒரே போடா போட்டுட்டா: "உங்க மஹால் வேண்டாம்ப்பா. வேற எங்க வேணாலும் வைங்க. ஆனா ரிசப்ஷன் முடியுற வரைக்கும் நீங்க மேடையில என் பக்கத்துல உக்காந்திருக்கணும். நடுவுல எந்திரிக்கவே கூடாது."

உக்காந்திருக்கிறதெல்லாம் ஒரு வேலையான்னு கேக்காதீங்க. எங்க தொழில்ல அது எம்புட்டுக் கஷ்டம்னு தெரியணும்னா முதல்ல ஒரு அத்தர் கடை பாயைப் பத்திக் கேளுங்க.

அத்தர் கடை பாய்

மதுரையில பழைய ஊருக்குள்ள அத்தர் கடை வச்சிருக்கிற ஒரு பாய், மகளோட நிக்காஹ்வுக்கு எங்க மஹாலைப் பிடிச்சாரு. மண்டபம் பாக்க வந்த அன்னைக்கு அவரு பேசுனது பக்கத்துல நின்ன எனக்கே சரியாக் கேக்கல, அம்புட்டு மெதுவான மனுஷன். கல்யாணத்தன்னைக்குப் பிரியாணிப் பந்தி ஓடிக்கிட்டு இருக்கு, படக்குனு கரண்டு போச்சு. ஃபேன் நின்ன அடுத்த நொடி மேடையிலருந்து ஒரு குரல் வந்துச்சு பாருங்க: "மேனேஜர்னு ஒருத்தர் இருக்காரா இல்லையா இந்த மண்டபத்துல?" அந்தக் குரல் இவருகிட்டருந்து வந்துச்சுன்னு நான் நம்பவே இல்ல.

ஐயா, இந்தக் கேள்வி என் காதுல விழாத கல்யாணமே கிடையாது. பணக்காரன், ஏழை, இந்து, முஸ்லிம், எங்க ஆளுக எல்லாரும் ஒரே ராகத்துல கேக்குறது இது ஒண்ணைத்தான். அவங்க கேக்குறப்ப மேனேஜர்னு ஒருத்தர் ஜெனரேட்டர் ரூம்ல டீசல் நாத்தத்துல குனிஞ்சு கிடப்பாரு, அதை யாரு பாக்குறா? வெளிச்சம் வந்ததும் பாய் என்னைத் தேடிக்கிட்டு ஜெனரேட்டர் ரூமுக்கே வந்துட்டாரு. வேர்வையோட அப்படியே கட்டிப்பிடிச்சாரு. சட்டைப் பையிலருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்து என் மணிக்கட்டுல அத்தரைத் தடவிக்கிட்டே, பழைய மெதுவான குரல்ல சொன்னாரு: "மனசுல வச்சுக்காதீங்க தம்பி. பொண்ணைப் பெத்தவன் இன்னைக்கு ஒரு நாள் கத்துறதுக்கு உங்கள விட்டா யாரு இருக்கா?"

மாமன் நடக்க ரோடு

டி. கல்லுப்பட்டியிலருந்து ஒரு குடும்பம் வேன்ல வந்து இறங்குச்சு. எல்லாரும் உள்ள போயி ஏசி, மேடை, டைனிங் ஹால்னு பாக்குறாங்க. பொண்ணோட தாய்மாமன் மட்டும் கேட்டுலயே நின்னு ரோட்டை அங்கிட்டும் இங்கிட்டும் பாத்துக்கிட்டு இருந்தாரு. "சீர் எங்கிட்டுருந்து வரும்?"னு கேட்டாரு. நான் பெருமையா, "வேன் கேட்டு வாசல்லயே நிக்கும்ணே. இறங்குனா ரெண்டே எட்டு. தாம்பாளம் தூக்குறவுகளுக்குக் கை வலிக்கவே வலிக்காது"ன்னேன். மனுஷனுக்கு முகமே செத்துப் போச்சு.

அப்புறந்தான் எனக்கு மண்டையில உறைச்சது. தங்கச்சி மகளுக்குச் சீர் செய்யணும்னு காலமெல்லாம் ஆசைப்பட்டவரு, அதை யாரும் பாக்காம ரெண்டே எட்டுல கொண்டு போயி உள்ள வச்சா எப்படி? அவரைக் கூட்டிக்கிட்டு மார்க்கெட் வாசல் வரைக்கும் போனேன். "இங்கருந்து கிளம்புவோம்ணே"ன்னேன். வேட்டிய இறக்கி விட்டுக்கிட்டு, கையில ஏதோ மாலை இருக்கிற மாதிரியே மெதுவா மண்டபம் வரைக்கும் நடந்து பாத்தாரு. கல்யாணத்தன்னைக்கு மேளம் முன்னால போக, தக்காளி லாரிகளுக்கு நடுவுல தாம்பாளம் தாம்பாளமாச் சீர் வந்துச்சு. லோடு இறக்குறவங்க மூட்டைய இறக்கி வச்சுட்டு விசில் அடிச்சாங்க. நான் சிவப்புத் துண்டை ஆட்டிக்கிட்டு லாரிக்காரங்களை நிப்பாட்ட முன்னால ஓடிக்கிட்டு இருந்தேன். உள்ள வந்ததும் அந்த மாமன் என் கையப் பிடிச்சுக்கிட்டு, "மண்டபம் சின்னதா இருந்தாலும் இருந்துட்டுப் போகட்டும் மேனேஜரே, ரோடு நீளமா இருந்தாப் போதும்"ன்னாரு.

ஆல்பத்துல ஒரு முழங்கை

என் சொந்தக் கதைக்கு வாரேன். ஷீபா எங்க மஹால் வேண்டாம்னு சொன்னதுல எனக்கு ரோஷம் வந்துருச்சு. பொய் சொல்லல, நெஞ்சு வலிச்சது. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க முன்னாடி மார்க்கெட் பக்கத்து மஹால்னா கௌரவக் குறைச்சல்னு நினைக்கிறாளோ, இல்ல அப்பன் சட்டையில எப்பவும் அடிக்கிற டீசல் நாத்தம் அவளுக்குப் பிடிக்கலையோன்னு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டுத் திரிஞ்சேன். என் வீட்டுக்காரி மெர்சி மிஷன் பள்ளிக்கூடத்துல கணக்கு டீச்சர். "கேட்டாத்தானே தெரியும்? நீங்களா ஒரு விடைய எழுதிட்டு நீங்களாவே அழுவாதீங்க"ன்னு அவ ஒரு பக்கம் திட்டுனா.

கேட்டேன். ஷீபா விறுவிறுன்னு உள்ள போனா. பீரோவத் திறந்து ஒரு ஆல்பத்தை எடுத்துட்டு வந்து என் மடியில வச்சா. என் தம்பி மகன் ரிசப்ஷன், எங்க மஹால்லயே நடந்தது. பக்கம் பக்கமாத் திருப்புனேன். மெர்சி இருக்கா, ஷீபா இருக்கா, தம்பி குடும்பமே பல்லைக் காட்டிக்கிட்டு நிக்குது. என்னை எங்கயும் காணோம். கடைசிப் பக்கத்துக்கு முன்னால பந்திப் படம் ஒண்ணு. தூணுக்குப் பின்னாலருந்து சாம்பார் வாளியோட ஒரு முழங்கை மட்டும் நீட்டிக்கிட்டு இருக்கு. "அதுதான்ப்பா நீங்க. வாட்ச்ச வச்சுத்தான் கண்டுபிடிச்சேன்"னா. நான் சிரிச்சேன், அவ சிரிக்கல. ஆல்பத்தை மூடிட்டுச் சொன்னா: "என் கல்யாணத்துல எனக்கு முழங்கை வேண்டாம்ப்பா. முகம் வேணும்."

தீம் என்ன சார்?

சரின்னு நானும் உங்கள மாதிரியே மண்டபம் தேடிக் கிளம்பினேன். சித்திரைத் திருவிழா நேரம், ஊருக்குள்ள கார் நகராது, அதனால ஊருக்கு வெளியவே பாப்போம்னு முடிவு. ரிங் ரோட்டுல ஒரு பெரிய ஹால், தரையில நம்ம மூஞ்சி தெரியுது. கையில டேப்லெட்டோட ஒரு பொண்ணு வந்து, "உங்க தீம் என்ன சார்?"னுச்சு. "மட்டன் பிரியாணி"ன்னேன். அது சிரிக்காம, "அது ஃபுட் சார். தீம்னா கலர்"னுச்சு.

கலரு கிடக்கட்டும்மா, ஜெனரேட்டர் எங்க இருக்கு, எத்தனை கேவிஏ, தண்ணித் தொட்டி எம்புட்டுப் பெருசுன்னு அடுக்கினேன். பாவம், அந்தப் புள்ள முழிச்சுச்சு. "அதெல்லாம் மேனேஜருக்குத்தான் தெரியும் சார்"னுச்சு. "மேனேஜர்னு ஒருத்தர் இருக்காருல்ல, அவரக் கூப்பிடும்மா"ன்னேன். அதுக்கு அந்தப் பொண்ணு ரொம்ப மரியாதையாச் சொன்ன பதில்: "அவரு இன்னைக்கு லீவு சார், அவரு பொண்ணு ரிசப்ஷனுக்கு ஹால் பாக்கப் போயிருக்காரு."

மெர்சி போட்ட கணக்கு

ஒத்தக்கடை தாண்டி மேலூர் ரோட்டுல ஒரு மண்டபம். அங்க மேனேஜர் முருகேசன், தொழில்ல எனக்கு இளையவன். நான் உள்ள நுழைஞ்சு நேரா மோட்டார் ரூமுக்குப் போறதைப் பாத்துட்டு, "என்னண்ணே, உளவு பாக்க வந்தீங்களா?"ன்னு சிரிச்சான். மக கல்யாணம்னதும் என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டான். இருந்தாலும் நான் விடுவேனா? மாடியேறித் தொட்டிக்குள்ள எட்டிப் பாத்தேன், கக்கூஸ் குழாயெல்லாம் திறந்து மூடினேன், ஜெனரேட்டரை ஓட்டிக் காட்டச் சொன்னேன். ஒண்ணும் கெட்டுப் போகாத மண்டபமாப் பாத்துப் பிடிச்சுட்டா நான் எந்திரிக்க வேண்டிய வேலையே இருக்காதுல்ல? அதுதான் என் திட்டம்.

மெர்சி இது எதையும் பாக்கல. மேடையில போயி ஒரு நாற்காலியப் போட்டு, "இங்க வந்து உக்காருங்க"ன்னா. உக்காந்தேன். "என்ன தெரியுது?" "பந்தி வாசல் தெரியுது." நாற்காலிய நகத்தினா. "இப்ப?" "தண்ணி கேன் அடுக்குற இடம் தெரியுது." மறுபடி நகத்தினா. "இப்ப?" பாத்தேன். எதுக்க வெறும் சுவரு, பக்கத்துல பொண்ணு உக்காருற சோபா, அம்புட்டுத்தான். "ஒண்ணும் தெரியல"ன்னேன். மெர்சி முருகேசன் பக்கம் திரும்பினா: "தம்பி, இந்த மண்டபமே போதும், இந்த நாற்காலிய மட்டும் யாரையும் நகத்த விடாதீங்க."

நாற்காலி

ரிசப்ஷன் நாள் வந்துச்சு. சித்திரை வெயிலுக்குக் கோட்டு வேற. ஜெபம் முடிஞ்சது, கேக்கு வெட்டியாச்சு, மக்கள் வரிசையா மேடைக்கு ஏறி வாராங்க. நான் உக்காந்திருக்கேன். கண்ணுக்கு ஒண்ணும் தெரியலைன்னாலும் காது சும்மா இருக்குமா? டைனிங் ஹால்ல இலை போடுற சத்தம் குறையுது, அப்ப ரெண்டாம் பந்தி தாமதம். கால் ஆடுது. ஷீபா திரும்பிப் பாத்து என் கோட்டுக் கையில விரலை வச்சா. ஆடின கால் நின்னுச்சு.

அப்பப் பாத்துக் கரண்டு போச்சு. கீபோர்டு பாதிப் பாட்டுல நிக்குது, ஃபேன் நிக்குது, மண்டபமே இருட்டு. ஜெனரேட்டர் இருமுது, எடுக்கல. திரும்ப இருமுது, எடுக்கல. டீசல் பைப்புல காத்து அடைச்சிருக்கு, எனக்குச் சத்தத்தை வச்சே தெரியுது. ஒரு நட்டைத் தளத்தி விட்டாப் போதும், ஒரு நிமிஷ வேலை. என் முட்டி ரெண்டும் என்னைக் கேக்காமலே எந்திரிக்குது. யாரோ செல்போன் லைட்டைப் போட்டாங்க. அந்த வெளிச்சத்துல ஷீபா என் கோட்டுலருந்து விரலை எடுத்துட்டது தெரியுது. போகாதீங்கன்னு சொல்லல. என் முகத்தையும் பாக்கல. நாற்காலியத்தான் பாத்துக்கிட்டு இருந்தா. 

பொத்துன்னு திரும்ப உக்காந்தேன். கை ரெண்டும் பரபரங்குது, என்ன செய்யுறதுன்னு தெரியல. அத்தர் கடை பாய் ஞாபகம் வந்துச்சு. அடிவயித்துலருந்து ஒரு குரல் கிளம்புச்சு பாருங்க, அது என் குரல்தானான்னு எனக்கே சந்தேகம்: "மேனேஜர்னு ஒருத்தர் இருக்காரா இல்லையா இந்த மண்டபத்துல?"  அப்புறம் ஷீபா சிரிச்சா பாருங்க, வாயைப் பொத்திக்கிட்டு, கண்ணுல தண்ணி வர, என் தோள்ல சாஞ்சு சிரிச்சா. மாப்பிள்ளை சிரிக்கிறாரு, சம்பந்தி சிரிக்கிறாரு, மெர்சி முந்தானையால கண்ணைத் துடைக்கிறா. போட்டோக்காரர் அந்த இருட்டுலயே ஃப்ளாஷைத் தட்டினாரு. அதுக்குள்ள ஜெனரேட்டரும் எடுத்துருச்சு. முழங்கை வரைக்கும் கிரீஸோட முருகேசன் மேடைக்கு மூச்சு வாங்க ஓடி வந்தான்: "வந்துட்டேண்ணே, வந்துட்டேன்! இத்தனை வருஷத் தொழில்ல உங்கள மாதிரிக் கத்துன பார்ட்டிய நான் பாத்ததே இல்லண்ணே!"

ஆல்பம் வந்தாச்சு மக்களே: நடுப் பக்கத்துல மக என் தோள்ல சாஞ்சிருக்க, வாயை இம்புட்டு அகலமாத் திறந்துக்கிட்டு என் முகம் முழுசா விழுந்திருக்கு, முழங்கை மட்டும்தான் தெரியல.