லாவோஸில் ஒரு மத்தியானத் தூக்கம்

2017 ஜூலையில், நியூசிலாந்தில் எங்கள் ஆக்லாந்து குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தபோது, நானும் என் கணவரும் லாவோஸ் போய் வந்தோம். ஊர் சுற்றிப் பார்க்கும் ஆசையெல்லாம் இல்லை. அவர் தூங்க வேண்டும், அதற்காகத்தான் போனோம்.

பிளாக்ஹவுஸ் பேயில் எங்களுக்கு ஒரு டெய்ரி இருக்கிறது. பால் பண்ணை என்று நினைத்துவிடாதீர்கள். பால், ரொட்டி, பேப்பர், சிகரெட் என்று சகலமும் விற்கும் தெருமுனைக் கடைக்கு இந்த ஊரில் அதுதான் பெயர். விடிவதற்குள் திறந்து, ராத்திரி அடைப்போம். தீபாவளி, பொங்கல் எதுவும் கிடையாது. அந்த வருடத் தொடக்கத்தில் ஒரு சாயங்காலம், முகத்தை மூடிக்கொண்டு இரண்டு பேர் சுத்தியலோடு உள்ளே வந்து சிகரெட்டை எல்லாம் வாரிக்கொண்டு போய்விட்டார்கள். இவர் மேல் ஒரு கீறல்கூட விழவில்லை. கேட்டவர்கள் எல்லாம் நல்ல வேளை, நல்ல வேளை என்றார்கள். ஆனால் அன்றைக்கே அவருடைய தூக்கமும் போய்விட்டது.

கடைக் கதவு திறந்தால் ஒரு மணி அடிக்கும். வீட்டில் படுத்திருக்கும்போதும் அந்த மணி அவருக்குக் கேட்கும். சடாரென்று எழுந்து உட்காருவார். அவர் எழுந்தால் நானும் எழுந்தாக வேண்டும். டாக்டர் மாத்திரை கொடுத்தார், பலனில்லை. ரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே போனது. ஒரு நாள் பால் கூடையைத் தூக்கும்போது தலைசுற்றி விழுந்துவிட்டார். இப்படியே போனால் மனுஷன் எனக்கு மிஞ்ச மாட்டார் என்று பயந்துபோனேன். ஆக்லாந்திலேயே பாபடோயிட்டோயில் இருக்கும் கொழுந்தனார் வேலைக்கு லீவு போட்டுவிட்டு, கடையைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். லாவோஸ் அமைதியான நாடு என்று ஒரு வாடிக்கையாளர் சொன்னதை நம்பி டிக்கெட் போட்டேன்.

அந்த வாடிக்கையாளர் சொன்னது பொய்யில்லை. மேகாங் ஆற்றங்கரையில் லுவாங் பிரபாங் என்ற சின்ன ஊரில் தங்கினோம். அங்கே யாருக்கும் எதற்கும் அவசரமில்லை. காலையில் பிக்குகள் வரிசையாகப் பிச்சைக்கு வருவார்கள், பெண்கள் முட்டி போட்டு உட்கார்ந்து கூடையிலிருந்து சோறு எடுத்து வைப்பார்கள். காப்பியில் பாதிக் கோப்பை டின் பால்தான். ஆறுகூட கலங்கலாக, சோம்பலாக ஓடியது. மத்தியானமானால் ஊரே தூங்கும். டுக்டுக் ஓட்டுகிறவர் வண்டிக்குள்ளேயே வலை ஊஞ்சல் கட்டிப் படுத்திருப்பார். சவாரி வேண்டுமென்றால் நாம்தான் எழுப்ப வேண்டும்.

என் கணவர் மட்டும் தூங்கவில்லை. ஓட்டல் அறையில் கதவுக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இவ்வளவு செலவு செய்து, முழித்திருக்கும் ஆளை இடம் மாற்றி உட்கார வைத்திருக்கிறேனே என்று எனக்கு எரிச்சலும் அழுகையுமாக வந்தது.

அப்படி ஒரு மத்தியானம் தண்ணீர் பாட்டில் வாங்கப் போனோம். சந்துக்குள் ஒரு சின்னக் கடை. கடைக்காரப் பெண்மணி வலை ஊஞ்சலில் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாள். காசுப் பெட்டி மூடியில்லாமல் கிடக்கிறது. இவருக்குப் பொறுக்கவில்லை.

"கல்லாவைத் தொறந்து போட்டுட்டுத் தூங்குது பாரு. நீ ரூமுக்குப் போ. அந்தம்மா முழிக்கிற வரைக்கும் நான் இங்க இருக்கேன்."

வந்த இடத்திலும் காவலா என்று தலையில் அடித்துக்கொண்டேன். அவரை விட்டுப் போகவும் மனசில்லை. வாசலில் கிடந்த நாற்காலிகளில் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். ஒருவர் வந்து சோப்பு எடுத்தார், பெட்டியில் காசு போட்டார், மீதிச் சில்லறையை அவரே எடுத்துக்கொண்டு போனார். ஒரு பாட்டி முட்டை வாங்கியதும் இப்படித்தான். யாரும் கடைக்காரியை எழுப்பவில்லை. ஒவ்வொருவர் வரும்போதும் இவர் உடம்பு விறைப்பதைப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. முகம் முழுக்க மூடிய கறுப்பு ஹெல்மெட்டோடு ஒருவன் இறங்கி நேராக உள்ளே போனான். இவர் என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் அழுந்தியது. பிடியை விடாமலே எழுந்து நின்றார். உள்ளே போனவன் ஒரு பாக்கெட் சிகரெட் எடுத்தான். காசைப் போட்டான். டேபிள் ஃபேன் சுவரைப் பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்தது. அதை மெதுவாகத் தூங்குகிறவள் பக்கம் திருப்பி வைத்தான். எங்களைப் பார்த்துக் கைகூப்பிவிட்டு, வண்டியைக் கிளப்பாமல் சந்து முனை வரை தள்ளிக்கொண்டே போனான்.

"அவ்வளவுதானா?" என்றார் இவர். திரும்பத் திரும்ப அதையே முணுமுணுத்தார். கண்ணில் தண்ணீர் வழிந்தது. துடைக்கவும் இல்லை. அப்படியே நாற்காலியில் சாய்ந்தவர், கொஞ்ச நேரத்தில் குறட்டை விட்டார்.

கடைக்காரி விழித்தபோது நான் பதறிப்போய் எழுந்தேன். வாசலில் ஒரு முன்பின் தெரியாத ஆள் குறட்டை விடுவதைப் பார்த்தால் யாருக்குத்தான் திக்கென்று இருக்காது? அவள் என்னைப் பார்த்தாள், இவரைப் பார்த்தாள். உதட்டில் விரல் வைத்து என்னை உட்காரச் சொன்னாள். ஃபேனைத் தூக்கிவந்து இவர் பக்கம் வைத்தாள். அதற்குப் பிறகு வந்தவர்களிடமெல்லாம் சைகையிலேயே வியாபாரம் செய்தாள். ஆற்றின் மேல் வெயில் இறங்கும் வரை இவர் தூங்கினார். எழுந்ததும் வெட்கப்பட்டு, "நல்லாத் தூங்கிட்டேன் போல" என்றார். எத்தனையோ மாதமாக நான் கேட்கக் காத்திருந்த வார்த்தை அது.

ஆக்லாந்து திரும்பியதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது பொய். மணி அடித்தால் அவர் இன்னமும் திரும்பிப் பார்ப்பார். எனக்கும் கால் வலி, இடுப்பு வலி அப்படியேதான் இருக்கிறது. ஆனால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பின்னறையில் சாய்ந்து கொஞ்சம் தூங்குகிறார். அந்த நேரத்தில் யாராவது வந்தால் நான் உதட்டில் விரல் வைப்பேன். தெரிந்தவர்கள் கதவைக்கூட மெதுவாகத்தான் சாத்துவார்கள். எங்களோடு பேசக்கூட பாஷை தெரியாத ஒருத்தி, என் புருஷன் தூங்கட்டும் என்று ஒரு மத்தியானம் முழுக்கக் கடையைச் சத்தமில்லாமல் நடத்தினாளே, அதை நினைத்துக்கொண்டுதான் தினமும் இந்தக் கதவைத் திறக்கிறேன்.