சுவரில் ஏறிய தண்ணீர்

தண்ணீர் மேலிருந்து கீழேதான் வரும் என்று வெகுகாலம் உறுதியாக நம்பியிருந்தேன். மேட்டூர் முதல் என் மூக்கு வரை அதற்கு எதிர்ச்சாட்சி கிடைக்கவில்லை.

குவைத்தில் சம்பாதித்து, திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் வாய்க்காலை ஒட்டிய நஞ்சையில் மண் அடித்து வீடு கட்டினேன். ஆற்றில் தண்ணீர் திறந்ததும் கூடத்துச் சுவர் முழங்கால் உயரத்துக்கு நனைந்துவிட்டது. மறுமாதம் தங்கையைப் பெண் பார்க்க வருகிறார்கள். ஈரச் சுவரைப் பார்த்ததும் எழுந்து போய்விடுவார்கள் என்று எனக்கு உதறல். மாடிக் குளியலறை ஒழுகுகிறது என்று தீர்ப்பளித்து, அதைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். வீடே வாய்க்காலில் குளித்தது. சுவர் காயவில்லை.

நான் வாய்க்காலில் கால் கழுவிவிட்டு வந்தபோது, வேதியியல் படித்த தங்கை சுவரைத் தடவிக்கொண்டிருந்தாள்.

“அண்ணே, மேலேருந்து வரல. தரையிலேருந்து ஏறுது.”

“ஏறுறதுக்கு மோட்டாரா போட்டிருக்கு?”

“உன் வேட்டியப் பாரு. கரை மட்டுந்தானே தண்ணியில பட்டுச்சு? கெண்டைக்கால் வரைக்கும் எப்படி நனைஞ்சுச்சு?”

குனிந்து பார்த்தேன். வேட்டியும் அவள் கட்சி.

தண்ணீரின் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் ஒரு பக்கம் லேசான நேர்மின்னூட்டமும் மறுபக்கம் எதிர்மின்னூட்டமும் உண்டாம். செங்கல்லின் நுண்துளைகளிலும் அப்படியே. எதிரெதிர் முனைகள் ஒன்றையொன்று கண்டால் விடாதாம்.

“அதுங்களுக்குள்ளயும் கை கோத்திருக்கும்ணே. ஒண்ணு செங்கல்லப் புடிச்சு ஏறுனா பின்னால உள்ளதையும் இழுத்துக்கும். நீ குவைத் போயி மாமா மவன இழுத்த, அவன் மச்சான இழுத்தான்ல, அந்த மாதிரி.”

நன்றாகப் புரிந்தது. புரிந்ததால் நேராகக் கடைக்குப் போய் எனாமல் பெயிண்ட் வாங்கி வந்து சுவரில் பூசினேன். ஆவியாகப் போகவும் வழியற்ற ஈரம், பெயிண்ட் முடிகிற இடம் தேடி இடுப்பு வரை ஏறியது. சுவரெங்கும் கொப்புளம். பீரோவை நகர்த்தி முடிந்தவரை மறைத்தேன்.

பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் அப்பா செருப்பைக் கழற்ற, பீரோவுக்குப் பக்கத்திலேயே சுவரில் கையை ஊன்றினார். கொப்புளம் உடைந்து சட்டைக் கைக்குள் தண்ணீர் இறங்கியது.

“ஏசி புதுசுங்க, அதான்…” என்று உளறினேன். கூடத்தில் ஏசியே கிடையாது.

அவர் கையை உதறினார். “செவுத்துல ஓதங்களா? எங்க வீட்ல சன்னல் வரைக்கும் ஏறியிருக்கு. பொண்ண வரச் சொல்லுங்க.”

அடுத்த மாதம் மாதா கோயில் பூசையில், இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் என்று கல்யாண ஓலை வாசித்தார்கள். சன்னல் வரை ஓதம் ஏறிய அந்த வீட்டுக்கே தங்கை மருமகளாகப் போனாள்.