இருநூற்றுப் பதினான்கு பயணிகள்

ரலித்சாவின் கை சும்மா இருக்காது. பல் துலக்கும்போதுகூட இடது கையில் போன். ஐம்பத்தெட்டு சதவீதம் என்று இருக்கும். வாய் கொப்பளித்துவிட்டு மறுபடி பார்ப்பாள். அதே ஐம்பத்தெட்டு.

பல்கேரியாவில் ரூசே நகரத்து இன்சூரன்ஸ் ஆபீஸ் வேலையை உதறிவிட்டு, ஐந்து வருடம் தன்னந்தனியாக உட்கார்ந்து அவள் செய்த கணினி விளையாட்டு அது. டான்யூப் ஆற்றில் ஒரு படகுக்காரி. கரையில் நிற்பவரிடம் 'வருகிறாயா' என்று கைகாட்டுவாள். அவர் தலையை ஆட்டிப் பதில் சொல்வார். யாருக்கும் பேச்சே கிடையாது. வரச் சம்மதித்தவரை விட்டுவிட்டுப் போனால் அவர் அங்கேயே உட்கார்ந்து அழுவார், மறுநாள் அவர் வீட்டில் விளக்கு எரியாது. எந்த மொழிக்காரரும் விளையாடலாம் என்று அவளுக்கு இந்த யோசனையில் ஏகப் பெருமை.

இணையக் கடையில் போட்டு இரண்டு மாதமாகிறது. விளையாடியவர்களில் நூற்றுக்கு ஐம்பத்தெட்டுப் பேர்தான் நல்லது என்றார்கள். வியாழக்கிழமை இலையுதிர்காலத் தள்ளுபடி தொடங்குகிறது. அதற்குள் எழுபதைத் தொடாவிட்டால் கடை அதை அடியில் தள்ளிவிடும். பிறகு ஈ காக்கா எட்டிப் பார்க்காது. பழைய மேலாளர் நவம்பர்வரை அவள் நாற்காலியைக் காலியாக வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். அந்த நாற்காலிக்குத் திரும்புவதாக அவள் இல்லை.

ஆகவே யார் எதைச் சொன்னாலும் செய்தாள். படகு ஆமை என்றான் ஒருவன், வேகத்தைக் கூட்டினாள். கரையில் இடிக்கிறது என்றான் இன்னொருவன், குறைத்தாள். மழை எரிச்சல் என்றவருக்காக மழையை நிறுத்தி, மழைதானே அழகு என்றவருக்காக மறுபடி பெய்யவிட்டாள். ஒரு புகார் மட்டும் போகவே இல்லை. பயணிகள் பொய் சொல்கிறார்கள், வரமாட்டேன் என்றுவிட்டு அப்புறம் அழுகிறார்கள் என்று முந்நூறு பேர் எழுதிவிட்டார்கள். 'பயணியைச் சற்றுக் கவனமாகப் பாருங்கள்' என்று அத்தனை பேருக்கும் ஒரே பதிலை ஒட்டினாள். மாமியார் விளையாடினார், எதிர்வீட்டுக்காரர் விளையாடினார், துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் புருஷன் ஸ்வெத்லின் விளையாடினான். ஒருத்தருக்கும் சிக்கல் இல்லை. வெளிநாட்டுக்காரர்களுக்குப் பொறுமை கிடையாது என்று முடிவுகட்டினாள். கெட்டிக்காரிதான், ஆனால் யாராவது குறை சொல்லிவிட்டால் கண் தெரியாது.

திங்கட்கிழமை காலை போர்ச்சுகலின் போர்ட்டோ நகரத்திலிருந்து ஒரு வீடியோ வந்தது. அனுப்பியவர் அர்மிந்து, டிராம் ஓட்டி ஓய்வுபெற்றவர். தான் விளையாடுவதை எடுத்திருந்தார். திரையும் தெரிந்தது, அவர் முகமும் தெரிந்தது. படகுக்காரி கைகாட்டுகிறாள். பயணி தலையை இடமும் வலமும் ஆட்டுகிறார். அர்மிந்து உதட்டைப் பிதுக்கிவிட்டுப் படகைக் கிளப்புகிறார்.

"இந்த மனுஷனுக்கு என்ன கேடு? அதான் வர்றேன்னு சொல்றாரே" என்றாள் ரலித்சா.

பனித்சா பலகாரத்தை மென்றுகொண்டே ஸ்வெத்லின் எட்டிப் பார்த்தான். "நமக்குத்தான் அது வர்றேன். அவருக்கு அது மாட்டேன். வெளிநாட்டுக் கப்பல்காரங்ககிட்ட நான் மொத வாரமே பட்டு அனுபவிச்சாச்சு."

"இத ஏம்ப்பா எங்கிட்ட சொல்லல?"

"அவங்க எழுதுனத நீ என்னைக்கு எங்கிட்ட காட்டுன? விளையாடுன்ன, விளையாடுனேன்."

தங்கள் ஊர்த் தலையாட்டல் வெளிநாட்டில் தலைகீழாகப் படும் என்பது அவளுக்கும் தெரியாத சங்கதி இல்லை. பல்கேரியாவில் யாருக்குத்தான் தெரியாது? ஆனால் பயணிகளின் தலையசைவுக்காகக் கண்ணாடி முன் நின்று தன் தலையையே ஆட்டிப் படம்பிடித்தவள் அவள். தன் தலை தப்பாக ஆடும் என்று யாருக்குத் தோன்றும்? முந்நூறு பேரும் உள்ளதைத்தான் எழுதியிருந்தார்கள். வெட்கத்தில் அவளுக்குக் காது சுட்டது.

திருத்துவதற்கு ஒரு மணி நேரம்தான் ஆனது. தலை எந்த ஊர் வழக்கப்படி ஆட வேண்டும் என்று தொடக்கத்திலேயே கேட்க வைத்தாள். பிறகு புகார் எழுதியவர்களுக்கு ஒவ்வொருவராக மன்னிப்புக் கேட்டு, இன்னொருமுறை விளையாடிப் பார்க்கச் சொல்லி எழுதத் தொடங்கினாள். செவ்வாய் மாலைக்குள் நூறு பேருக்கு எழுதிவிட்டாள். சதவீதம் அறுபத்தாறுக்கு ஏறியது. உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் அடுப்படிக்கும் ஜன்னலுக்கும் நடந்தாள்.

அப்போதுதான் அர்மிந்து மறுபடி எழுதினார். "இப்ப நல்லா புரியுதும்மா. ஆனா இருநூத்திப் பதினாலு பேரக் கரையிலயே விட்டுட்டேன். அவங்க வர்றேன்னுதான் சொல்லியிருக்காங்க. முப்பத்தோரு வருஷம் டிராம் ஓட்டுனேன், கைகாட்டுனவங்கள விட்டுட்டுப் போனதில்ல. புதுசா ஆரம்பிச்சா வேற முகங்க வருது. அதே ஆளுங்களத் திரும்ப ஏத்த வழி இருக்கா?"

வழி இல்லை. அதைச் செய்ய வேண்டுமென்றால் எல்லாருடைய பழைய ஆட்டத்தையும் திறந்து, விட்டுப்போன முகங்களைத் தேடியெடுக்க வேண்டும். முழுசாக ஒன்றரை நாள் வேலை. இருந்ததும் ஒன்றரை நாள்தான்.

மீதி இருநூறு பேருக்கு எழுதினால் எழுபது வந்துவிடும், பெரியவருக்கு வியாழக்கிழமைக்கு அப்புறம் செய்யலாமே என்றான் ஸ்வெத்லின். அவன் சொன்னதில் தப்பில்லை.

"அவர் மட்டும் இல்லப்பா. எல்லாருமே விட்டுட்டுத்தான் போயிருக்காங்க. தப்பு பண்ணது நானு, பழி அவங்க மேல நிக்குது" என்றாள்.

புதன்கிழமை ஒரு கடிதம்கூட எழுதவில்லை. மதியம் கண்ணாடி முன் நின்றாள். விட்டுப்போன படகு திரும்பி வந்து 'வருகிறாயா' என்று கேட்டால், அத்தனை நாள் அழுதவர் தலையை எப்படி ஆட்டுவார்? இப்படி ஆட்டிப் பார்த்தாள், அப்படி ஆட்டிப் பார்த்தாள். எதுவும் மனசுக்குப் பிடிக்கவில்லை. கடைசியில் ஆட்டவே வைக்கவில்லை. பயணிகள் பேசாமல் எழுந்து வந்து படகில் ஏறினார்கள்.

வியாழன் தள்ளுபடி தொடங்கியபோது அறுபத்தேழு. கடையின் பட்டியலில் அவள் விளையாட்டை ஸ்வெத்லினாலேயே தேடிக் கண்டுபிடிக்க முடியவில்லை. திங்கட்கிழமை வேலைக்கு வருவதாக மேலாளரிடம் போனில் சொன்னாள்.

மத்தியானம் போர்ட்டோவிலிருந்து நீளமான வீடியோ ஒன்று வந்தது. அர்மிந்து ஒவ்வொருவரையாக ஏற்றிக்கொண்டிருந்தார். ஏறுகிற ஒவ்வொருவரிடமும் தன் மொழியில் ஒரே வார்த்தையைச் சொன்னார். மன்னிப்புக் கேட்கிறார் என்று ஐந்தாவது ஆளிலேயே அவளுக்கு விளங்கிவிட்டது. போதும், வீடியோவைக் கடைசிக்கு ஓட்டிவிடு என்று ஸ்வெத்லின் கையை நீட்டினான். அவள் அவன் கையைத் தள்ளிவிட்டு, இருநூற்றுப் பதினான்கையும் உட்கார்ந்து பார்த்தாள்.