எழுந்து நின்று சொன்ன சுகம்

குளிக்கும்போதுதான் கை பட்டது. இடது மார்பின் வெளிப்பக்கம், அக்குளுக்குச் சற்றுக் கீழே, புளியங்கொட்டை அளவில் ஒன்று. அமுக்கினால் வலிக்கவில்லை. இலங்கை மலையகத்தில், தலவாக்கலைப் பக்கம் மார்ச் மாதத்திலும் காலைத் தண்ணீர் விறைக்கும். குளிருக்கு ஏதோ நரம்பு சுருண்டிருக்கிறது என்று நினைத்து, மீதித் தண்ணீரை அவசரமாக ஊற்றிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். வலி இல்லாததால் பயமும் இல்லை. வலிக்காத கட்டிக்குத்தான் கூடுதலாகப் பயப்பட வேண்டும் என்று பின்னால் ஆஸ்பத்திரியில் சொல்லித் தந்தார்கள்.

நான் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. பிறந்தது லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில். அம்மா கொழுந்து பறித்தும் அப்பா செடிகளைக் கவ்வாத்து வெட்டியும் என்னைப் படிக்க வைத்தார்கள். இப்போதும் அதே தோட்டத்தில், லயங்களுக்கு மேலேயுள்ள ஒரு சிறிய வீட்டில் கணவரோடு இருக்கிறேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவர் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். எங்கள் சபையில் மூப்பரும் அவர்தான். சபை என்றால் தகரக் கூரை போட்ட ஒரு மண்டபம், அறுபது எழுபது பேர்.

எங்கள் ஞாயிறு ஆராதனையில் பிரசங்கத்துக்கு முன்னால் சாட்சி நேரம் என்று ஒன்று உண்டு. அந்த வாரம் கர்த்தர் தனக்குச் செய்த நன்மையை யார் வேண்டுமானாலும் எழுந்து நின்று சொல்லலாம். காய்ச்சல் விட்டது, மகன் சாதாரண தரப் பரீட்சையில் தேறினான், மாடு நல்லபடியாகக் கன்று போட்டது. ஆனால் ஒருமுறை சொன்ன சாட்சியை யாரும் திருத்துவதில்லை. சுகமானேன் என்று சொன்னவருக்கு மறுபடி காய்ச்சல் வந்தால் அவர் அதைப் பற்றி வாய் திறக்கமாட்டார், சபையும் கேட்காது. சந்தேகப்படுகிறவர்களுக்குத்தான் வியாதி திரும்பி வரும் என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம். ஞாயிறு பாடசாலையில் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததே நான்தான்.

கட்டியைப் பற்றிக் கணவரிடம் சொன்னேன், அவர் பாஸ்டரிடம் சொன்னார். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் என் நெற்றியில் எண்ணெய் பூசி ஜெபித்தார்கள். இரண்டு வாரம் கழித்துத் தடவிப் பார்த்தபோது கட்டி கைக்குத் தட்டுப்படவில்லை. மாதவிலக்கையொட்டி மார்பின் சதை இறுகியும் தளர்ந்தும் போகும், அதற்கேற்ப ஒரு சிறு கட்டி கைக்கு அகப்பட்டும் அகப்படாமலும் இருக்கும் என்பதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. ஈஸ்டர் ஞாயிறன்று எழுந்து நின்றேன். கட்டி இருந்த இடம் தெரியாமல் கர்த்தர் எடுத்துப்போட்டார் என்று சொன்னேன். சபை கைதட்டியது. என் கணவர் பின்வரிசையில் நின்று அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

ஆராதனை முடிந்ததும் ரெபேக்கா என் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப் போனாள். அவள் கீழ் லயத்தில் இருப்பவள், கொழுந்து பறிப்பவள், என்னைவிட எட்டு வயது இளையவள். பாட்டு ஆரம்பித்தால் முதல் குரல் அவளுடையதாக இருக்கும்.

“டீச்சர், எனக்கும் அந்த மாதிரி ஒண்ணு இருக்குங்க. செடிக்குச்சி குத்துனதுன்னு நெனச்சேன். நீங்க கை வச்சு ஜெபம் பண்ணுங்க” என்றாள்.

கை வைத்து ஜெபித்தேன். ஆஸ்பத்திரியில் காட்டு என்று சொல்லவில்லை. விசுவாசமாக இரு என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

ஜூலை மழையில் கட்டி திரும்பவும் கைக்கு வந்தது. இந்த முறை கடினமாக, அசையாமல் இருந்தது. அதைக் கணவரிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் கர்த்தரைப் பொய்யராக்கிவிடுவேன் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். நேர்மையாகச் சொன்னால், கர்த்தரைப் பற்றிய கவலை அதில் பாதிதான். மீதிப் பாதி என் மரியாதையைப் பற்றியது. ஊருக்குப் பாடம் சொல்கிறவளுக்கு, தான் சொன்னது தப்பு என்று ஒத்துக்கொள்வது அவ்வளவு லேசில் வருவதில்லை.

அக்டோபரில் கட்டியின் மேல் தோல் உள்வாங்கிக் குழி விழுந்தது. கரும்பலகையில் எழுதும்போது கை கனத்தது. பள்ளிக்கூடத்துக்கு வந்திருந்த மருத்துவச்சி, மிட்வைஃப் மிஸ், நான் கையைத் தாங்கிப் பிடிப்பதைக் கவனித்துவிட்டார். சிங்களப் பெண், பல வருடமாக எங்கள் தோட்டத்துப் பெண்களைப் பார்க்கிறவர். வகுப்பறைக் கதவைச் சாத்திவிட்டுப் பார்த்தார். தனக்குத் தெரிந்த தமிழில், “டீச்சர், இது இன்னைக்கே காட்டணும். நாளைக்குன்னு சொல்ல வேணாம்” என்றார். அன்றே அவரோடு நுவரெலியாவுக்கு பஸ் ஏறினேன்.

மார்பை எக்ஸ்ரே எடுத்தார்கள். பிறகு பயாப்சி (கட்டியிலிருந்து ஊசியால் ஒரு துணுக்கு எடுத்துச் சோதிப்பது). புற்றுநோய் என்றும், அக்குளில் உள்ள நிணநீர்க் கணுக்களுக்கும் (உடம்பின் கழிவை வடிகட்டும் சிறு முடிச்சுகள்) பரவியிருக்கிறது என்றும் டாக்டர் சொன்னார். முதலில் எப்போது தெரிந்தது என்று சிங்களத்தில் கேட்டார். மார்ச் என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு விரல் விட்டு மாதங்களை எண்ணினார். ஏன் இவ்வளவு நாள் என்று கேட்டதற்குப் பள்ளிக்கூட வேலை என்றேன்.

நவம்பரில் கண்டியில் மார்பை எடுத்துவிட்டார்கள். சபைக்கு நாங்கள் சொன்னது கர்ப்பப்பை ஆபரேஷன் என்று. அப்படிச் சொல்லலாம் என்று யோசனை சொன்னவர் கணவர். ஆஸ்பத்திரி நடையில் என் பக்கத்தில் உட்கார்ந்து, “சாட்சி சொன்ன வாயால எப்படித் திரும்பச் சொல்றது? கொஞ்ச நாள் போகட்டும்” என்றார். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. அவர்மேல் பழி போட எனக்கு உரிமையில்லை.

டிசம்பரில் ஒரு மாலை ரெபேக்கா என்னைப் பார்க்க வந்தாள். தன் தோட்டத்து லீக்ஸ் ஒரு கட்டும் வாழைப்பழமும் கொண்டுவந்திருந்தாள். உள்ளே வரச் சொன்னதற்குக் காலெல்லாம் சேறு என்று வாசலிலேயே நின்றாள். நான் தடித்த சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டிருந்தேன். உள்ளே தையல் பிரித்த இடம் இன்னும் காயவில்லை. ஆபரேஷன் பற்றி, சாப்பாடு பற்றிக் கேட்டுவிட்டுக் கடைசியில்தான் வந்த காரியத்துக்கு வந்தாள்.

“டீச்சர், ஒங்களுக்கு அது திரும்ப வரலதானே?”

“இல்ல ரெபேக்கா” என்றேன்.

அவள் முகம் தெளிந்துவிட்டது. “அப்ப சரிங்க. எனக்குக் கொஞ்சம் பெருசாகுற மாதிரி இருக்கு. ஒங்களுக்கு எடுத்த கர்த்தர் எனக்கும் எடுப்பாரு” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள். அவளைத் திரும்பக் கூப்பிட என்னிடம் நேரம் இருந்தது. அவள் வளைவு திரும்பும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன், கூப்பிடவில்லை.

பிறகு கீமோதெரபி (புற்றணுக்களைக் கொல்ல நரம்பு வழியாக ஏற்றும் மருந்து) தொடங்கியது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை கண்டி. முதல் நான்கு நாள் வாந்தி, அடுத்த வாரம் வாய்ப்புண், அதற்கடுத்த வாரம் மனுஷி மாதிரி இருக்கலாம். இரண்டாவது தடவையோடு முடி கொத்துக் கொத்தாக வந்தது. சபையில் பெண்கள் முக்காடு போடுவது வழக்கம் என்பதால் என் மொட்டைத்தலை யார் கண்ணிலும் படவில்லை. தேவனுக்கு முன்பாக அடக்கமாக இருப்பதற்கென்று போட்ட முக்காட்டை, நான் அவருடைய ஜனங்களை ஏமாற்றப் பயன்படுத்தினேன். முன்வரிசையில் ரெபேக்கா பாடிக்கொண்டிருந்தாள். அவளுடைய கழுத்து எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. எனக்கு அது கண்ணில் பட்டது, பார்க்காததுபோல இருந்தேன்.

வாய்ப்புண் வாரங்களில் வேறு வேலை ஓடாமல் வேதத்தை வாசித்தேன். யாக்கோபின் நிருபத்தில், வியாதிக்காரனுக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கச் சொல்லும் இடம் எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். அதை ஒட்டி வரும் வசனம், குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடுங்கள் என்கிறது. சுகமடைவதற்காகவே அப்படிச் செய்யுங்கள் என்கிறது. இத்தனை வருடத்தில் எண்ணெயோடு நிறுத்திக்கொண்டிருக்கிறோம். இன்னொரு நாள், புண் வந்து சாகக் கிடந்த எசேக்கியா ராஜாவின் கதை. பிழைப்பாய் என்று கர்த்தரே வாக்குக் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகும் ஏசாயா தீர்க்கதரிசி அத்திப்பழ அடையைக் கொண்டுவரச் சொல்லி, புண்ணின்மேல் பற்றுப் போட வைக்கிறார். வாக்குப் பெற்ற ராஜாவுக்கே மருந்து தேவைப்பட்டிருக்கிறது. ரெபேக்காவுக்கு நான் கொடுத்தது வெறும் வாய்வார்த்தை.

அதைக் கணவரிடம் வாசித்துக் காட்டினேன். அவர் புத்தகத்தை வாங்கித் தானும் ஒருமுறை வாசித்தார். “சொல்லிரு. நானும் ஒன்கூட நிக்கிறேன்” என்றார்.

மார்ச் மாதம் ஒரு ஞாயிறு சாட்சி நேரத்தில் இருவரும் எழுந்து நின்றோம். கட்டி போகவில்லை என்றேன். மார்பை எடுத்துவிட்டார்கள், கர்ப்பப்பை என்று சொன்னது பொய், சொல்லாமல் இருந்தது அதைவிடப் பெரிய பாவம் என்றேன். முக்காட்டை விலக்கித் தலையைக் காட்டினேன். பாஸ்டர் என்னைக் கண்டிக்கவுமில்லை, தேற்றவுமில்லை, தலைகுனிந்து நின்றார். நான் ரெபேக்காவைத்தான் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. சேலைக்கு மேலாக மார்பில் கையை வைத்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மிட்வைஃப் மிஸ்ஸும் நானும் அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். அவளுடைய கட்டி தோலைப் பிளந்து புண்ணாகியிருந்தது. பழைய துணியைக் கிழித்துக் கட்டிக்கொண்டே மலையேறிக் கொழுந்து பறித்திருக்கிறாள். ஸ்கேன் எடுத்தபோது நோய் ஈரலுக்குப் போயிருந்தது தெரிந்தது. வலியைக் குறைக்கலாம், கொஞ்சம் தள்ளிப் போடலாம், அதற்கு மேல் இல்லை என்று டாக்டர் சொன்னார்.

என் மருந்து முடியும் நேரத்தில் அவளுக்கு மருந்து ஆரம்பமானது. ஒரு நாள் வார்டில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது, “ஈஸ்டர்ல நீங்க சொன்னது பொய் இல்லையே டீச்சர். அப்ப ஒங்களுக்கு சுகமான மாதிரிதானே இருந்துச்சு” என்றாள். என்னைத் தேற்றப் பார்த்தாள்.

“டிசம்பர்ல சொன்னது பொய், ரெபேக்கா” என்றேன்.

அவள் தண்ணீர் கேட்டாள், கொடுத்தேன். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ஆகஸ்டில் இறந்துபோனாள்.

எத்தனையோ பேரைச் சுகப்படுத்திய பவுல், தன் நண்பன் துரோப்பீமுவை மிலேத்து பட்டணத்தில் நோயாளியாகவே விட்டுவந்ததாக ஒரு கடிதத்தில் எழுதுகிறார். ஏன் என்று அவர் விளக்கவில்லை. ஜெபம் கேட்கப்படாத நேரங்கள் அப்போஸ்தலருக்கும் இருந்திருக்கின்றன என்பது மற்றவர்களுக்கு ஆறுதலாக இருக்கலாம். எனக்கு அந்த ஆறுதலும் இல்லை. காலம் இருந்தபோது ரெபேக்காவை நான் ஆஸ்பத்திரி வாசல்வரைகூடக் கொண்டுபோய் விடாமல் வைத்திருந்தேன்.

இதே நோயோடு இதை வாசிக்கிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. ஜெபியுங்கள். ஜெபித்த கையோடு கிளினிக்குக்குப் போங்கள். சுகமானேன் என்று ஏற்கெனவே சொல்லிவிட்டீர்களா, அப்படியானாலும் போங்கள். உங்கள் வார்த்தையைக் காப்பாற்றித்தான் கர்த்தருடைய பெயர் நிற்க வேண்டும் என்றில்லை.

என் உடம்பு இப்போது இரண்டு விதமாக இருக்கிறது. வலது பக்கம் பழைய நான். இடது கை நிணநீர் தேங்கி எப்போதும் வீங்கியிருக்கிறது, வளையல் ஏறாது. நெஞ்சில் தழும்பைச் சுற்றி உணர்ச்சி இல்லை. வெந்நீர் ஊற்றினால் சூடு தெரிவதில்லை, கையால் தொட்டுப் பார்த்துத்தான் ஊற்றுகிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை. அது நெருங்கும் வாரத்தில் ஒரு சாதாரண இடுப்பு வலிக்கும் உயிர் போய்விடுகிறது.

போன தடவை எல்லா முடிவுகளும் நல்லபடியாக வந்தன. ஞாயிறன்று சாட்சி நேரத்தில் சபையே என்னைத் திரும்பிப் பார்த்தது. முன்வரிசையில் ரெபேக்காவின் கணவர் தாசன் உட்கார்ந்திருந்தார். கர்த்தர் என்னைக் காப்பாற்றினார் என்று அவருடைய முதுகுக்குப் பின்னால் நின்று சொல்ல என்னால் முடியவில்லை. உட்கார்ந்தே இருந்தேன்.

ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது அவர் எனக்காகக் காத்திருந்தார். “நல்ல ரிப்போட்டுன்னு சொன்னாங்க டீச்சர். சந்தோசங்க. ஏன் எந்திரிக்கல?” என்று கேட்டார்.

“அடுத்த கிளினிக் முடியட்டும் அண்ணே. இன்னும் மூணு மாசம்” என்றேன்.

அவர் தலையாட்டினார். “ஒரு மூணு மாசம் முந்திக் கூட்டிட்டு வந்திருந்தா ஏதாச்சும் பாத்திருக்கலாம்னு ரெபேக்காவோட டாக்டரும் சொன்னாருங்க” என்றார். குரலில் கோபம் இல்லை. அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன மார்ச்சுக்கு மூன்று மாதம் முந்தி என்றால் அது டிசம்பர். என் வாசலில் அவள் என்ன கேட்டாள், நான் என்ன சொன்னேன் என்பதை அங்கேயே நின்று அவரிடம் சொல்லிவிட்டேன்.

“தெரியுங்க” என்றார் தாசன். “அன்னைக்கு வீட்டுக்கு வந்ததும் மொதல்ல அதைத்தான் சொல்லுச்சு. ரொம்ப நாளைக்கப்புறம் அன்னைக்குத்தான் நல்லா சாப்பிட்டுச்சு.”

அடுத்த தேதியை டாக்டர் என் கார்டில் எழுதும்போது மற்றவர்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டு எழுந்து போவார்கள். நான் ஒவ்வொரு தடவையும் மாதங்களை எண்ணிப் பார்க்கிறேன். சரியாக மூன்று இருக்கிறது. அவளுக்குத் தேவைப்பட்டதும் அவ்வளவுதான்.