ஒரே குழாயில் ரெண்டு பேர் எச்சில்

அன்றைக்கு வீட்டில் இருந்தது நான், என் மனைவி, என் தம்பி, சின்னமனூரிலிருந்து வந்த என் சகலை. நாலே பேர்.

சகலைக்கு விற்பதுதான் தொழில். முதலில் காந்த மெத்தை, முதுகுவலி போகும் என்று. அப்புறம் ஒரு பொடி, சர்க்கரை போகும் என்று. போனது வாங்கியவர்கள் காசு மட்டும். இந்த முறை மரபணுச் சோதனை. எச்சிலைக் கொடுத்தால் என்ன நோய் வரும் என்று புத்தகமே போட்டுத் தருவார்களாம். தவணையும் உண்டாம்.

எங்கள் அப்பா நாற்பத்தெட்டு வயதில், திராட்சைத் தோட்டத்தில் மருந்தடிக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர். சகலை குழாயோடு வந்தபோது எனக்கு நாற்பத்தேழு நடந்துகொண்டிருந்தது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். சாவை நினைத்துப் பயப்படுவதை மட்டும் விடவில்லை. ஏப்பம் வந்தாலே படுத்துவிடுவேன். ஆனால் ரத்தம் கொடுத்துப் பார்க்கவும் பயம். எச்சில் என்றதும் சம்மதித்தேன். ஊசி இல்லையே.

குழாயில் கோடு வரைக்கும் துப்ப வேண்டும். எனக்கு வாய் வறண்டுபோய்ப் பாதிகூட வரவில்லை. மனைவி புளியை உருட்டி மூக்குக்கு நேரே காட்டினாள். அதற்கும் ஊறவில்லை. தம்பி கையை நீட்டினான்.

"ஒரே அப்பன் ஆத்தாளுக்குப் பெறந்தவங்கதானண்ணே. இங்கன குடு."

மீதியை அவன் துப்பி நிரப்பினான். சகலை பார்த்துக்கொண்டுதான் இருந்தார். "ரெண்டு பேருக்கும் சேத்தே பாத்துருவாக, லாபந்தான்" என்றார்.

ஒரு மாதத்தில் வழவழப்பான புத்தகம் வந்தது. அட்டையில் என் பெயர். எனக்குக் காப்பி ஒத்துக்கொள்ளாதாம். ஓட்டக்காரனின் தசையாம். வழுக்கை விழ வாய்ப்புக் குறைவாம்; என் தலையில் காதோரம் மட்டுமே முடி. இருதயத்துக்கு நேரே சிவப்பு. துப்பியது ரெண்டு பேர் என்று அந்த இயந்திரத்துக்குத் தெரியவில்லை, அல்லது தெரிந்தும் யாரும் வாய் திறக்கவில்லை.

இப்போது இளக்காரமாக எழுதுகிறேன். அன்றைக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை. சிவப்பு யாருக்கு என்று நானும் தம்பியும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தபடி இருந்தோம். மனைவி ஜாதகத்துக்குத் தடவுகிற மாதிரி நாலு மூலையிலும் மஞ்சள் தடவிப் புத்தகத்தைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டாள். சகலையைக் கேட்டால், பயப்படாதீக, அதுக்கும் ஒரு மாத்திரை இருக்கு, தவணையிலேயே தரலாம் என்றார்.

காந்த மெத்தையும் பொடியும் ஞாபகம் வந்தன; அந்த மாத்திரைதான் என்னைத் தேனிக்கு பஸ் ஏற்றியது. அங்கே டாக்டரம்மா புத்தகத்தில் நாலு தாளைப் புரட்டிவிட்டு மூடினார். அப்பா எத்தனை வயதில் போனார், பீடி உண்டா என்று கேட்டார்.

"உங்கப்பா கதையே எனக்குப் போதும்யா. கைய நீட்டுங்க, ரத்தம் எடுக்கணும்."

சில குடும்பத்து நோய்களுக்கு மரபணுச் சோதனை உதவும், ஆனால் அதை டாக்டர் கேட்டுச் செய்ய வேண்டும், விற்கிறவர் சொல்லி அல்ல என்றும் சொன்னார். ஊசி எறும்புக் கடிதான். எனக்குப் பிரஷரும் கொழுப்பும் கூடுதல். தம்பியையும் வரச் சொன்னார், அவனுக்கும் பிரஷர். மாத்திரை போடுகிறோம். பீடியை விட்டாயிற்று.

போன மாதம் எனக்கு நாற்பத்தொன்பது பிறந்தது. சகலை தவணைக்குப் போன் அடித்தபடி இருக்கிறார், நான் எடுப்பதில்லை. பாக்கி ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய்.